நைனாவின் நெஞ்சும் அம்மாவின் அட்டையும்

எங்க வீட்டுப் பரண்ல ஒரு தகரப் பெட்டி இருக்குது. அதுக்குள்ள ரெண்டு பொருளைப் பத்திரமா வச்சிருக்கோம். ஒண்ணு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை. இன்னொண்ணு, எங்க நைனாவோட நெஞ்சு எக்ஸ்ரே. அந்த அட்டையாலதான் அம்மா இன்னைக்கு உயிரோட இருக்காங்க. எக்ஸ்ரேயில இருக்கிற நெஞ்சுக்கு அதே அட்டையால ஒரு பைசா ஆகல. நைனா 2016-ல போய்ச் சேர்ந்துட்டாரு.

ஒரே வீடு, ஒரே ரேசன் கார்டு, ஒரே அட்டை. ஒருத்தருக்கு உயிரைக் குடுத்தது இன்னொருத்தரை ஏன் திரும்பிக்கூடப் பாக்கல? அவர் போனதுலயிருந்து இதத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன். காப்பீட்டைத் திட்டுறவங்க அம்மாவைப் பாக்கணும். காப்பீட்டைப் புகழ்றவங்க நைனாவோட எக்ஸ்ரேயைப் பாக்கணும். ரெண்டையும் பார்த்தவ நான்.

எங்க ஊர் சூளகிரிக்கும் பேரிகைக்கும் நடுவுல இருக்குது. கர்நாடகா எல்லை கூப்பிடு தூரம். சேரியில தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணும் பேசுவோம். மூணு பாஷையிலயும் வசவு வாங்கியிருக்கோம். நிலமெல்லாம் ஊர்க்காரங்களுது. 1970-கள்ல ஓசூருக்கு சிப்காட் வந்துச்சு. பெரிய பெரிய கம்பெனிகள் வந்துச்சு. நிலம் வித்தவங்க வீட்டுப் பசங்க உள்ள போனாங்க. எங்க ஆளுங்க மண்ணு சமன் பண்ணவும், லோடு இறக்கவும், கக்கூசு கழுவவும் போனாங்க. மிச்சம் இருந்த ஆம்பளைங்க கல்குவாரிக்குப் போனாங்க. பொம்பளைங்க தக்காளித் தோட்டத்துக்கும், பிறகு பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்துக்கும் போனாங்க. எங்க நைனா குவாரி, எங்க அம்மா ரோஜா.

2009 ஜூலையில கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துச்சு. ஒரு கோடி ஏழைக் குடும்பம், நாலு வருசத்துக்கு ஒரு குடும்பத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும் சிகிச்சை, பிரீமியத்தை அரசாங்கமே தனியார் காப்பீட்டுக் கம்பெனிக்குக் கட்டிடும். பள்ளிக்கூடத்துல போட்டோ எடுத்தாங்க. ஊர்த்தெருவை எடுத்து முடிச்சு எங்க முறை வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடுச்சு. நாங்க நாலு பேரும் ஒரு பெஞ்சுல உக்காந்து எடுத்ததுதான் எங்க குடும்பத்துல எல்லாரும் சேர்ந்திருக்கிற ஒரே படம். அந்த வகையில அந்தத் திட்டத்துக்கு நான் கடன்பட்டிருக்கேன்.

ஆட்சி மாறினதும் அட்டையும் மாறிச்சு. 2012 ஜனவரியில முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். இப்போ கம்பெனி அரசுக் கம்பெனி, யுனைடெட் இந்தியா. வருசத்துக்கு ஒரு லட்சம், சில சிகிச்சைக்கு ஒன்றரை லட்சம். ஆனா குடும்ப வருமானம் வருசத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேல இருக்கக் கூடாது. அதுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து வேணும். நான் அப்போ எம்.ஏ. தமிழ் படிச்சுக்கிட்டிருந்தேன். தம்பி சிப்காட்டுல ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்டுல போயிக்கிட்டிருந்தான். மாசம் 6,500 ரூபாய்.

"உம் பையன் கம்பெனிக்குப் போறானே, நீங்கல்லாம் எப்படி ஏழை?" ன்னு கேட்டாங்க. பன்னெண்டு மாசத்துக்குப் பெருக்கினா 78,000. ஆறாயிரம் ரூபாய் பணக்காரங்களா ஆயிட்டோம்! சரி, கம்பெனிக்குத்தானே போறான், அங்க இ.எஸ்.ஐ. இருக்குமேன்னு நீங்க கேக்கலாம். அவன் பேரு எந்த ரிஜிஸ்தர்லயும் கிடையாது. கான்ட்ராக்டர் ஒரு வவுச்சர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டு சம்பளம் குடுப்பாரு. இ.எஸ்.ஐ.க்கு அவன் தொழிலாளி இல்ல, காப்பீட்டுக்கு அவன் ஏழை இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துலதான் ஓசூர் சுத்துவட்டாரத்துச் சேரிப் பசங்க பாதிப் பேரு நிக்கிறாங்க. கடைசியில அங்க இருந்த ஒருத்தர் கையில 300 ரூபாய் வச்சதும் எங்க வருமானம் 60,000 ஆச்சு. ஏழைன்னு நிரூபிக்கக்கூட எங்களுக்குப் பணம் தேவைப்பட்டுச்சு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தவரு, "உங்களுக்கென்னம்மா, எல்லாமே இலவசம்"ன்னு சிரிச்சாரு. அம்மா தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டாங்க. எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழிச்சு மூஞ்சியில எறியணும்போல இருந்துச்சு. எறியாதது நல்லதாப் போச்சு.

2013-ல அம்மா ரோஜாத் தோட்டத்துல மயங்கி விழுந்தாங்க. கொஞ்ச நாளாவே நாலு பாத்தி தாண்டுறதுக்குள்ள மூச்சு வாங்கும். ராத்திரி படுக்க முடியாம சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பாங்க. மொதல்ல பெங்களூருக்குத்தான் ஓடினோம். போன எடத்துல தமிழ்நாட்டு அட்டை செல்லாதுன்னுட்டாங்க. திரும்பி, 150 கிலோமீட்டர் பக்கம் தள்ளி சேலத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத்துல ஒரு வால்வு சுருங்கிப் போயிருக்கு, மாத்தணும்னாங்க. சின்ன வயசுல தொண்டைப் புண்ணோட அடிக்கடி காய்ச்சல் வந்துச்சான்னு டாக்டரம்மா கேட்டாங்க. வந்துச்சு. ஒரே குடிசையில ஒம்பது பேரு படுத்துத் தூங்கின காலம். பாட்டி வேப்பிலை அடிச்சு விட்டிருக்காங்க. அந்தக் காய்ச்சலுக்குப் பேரு ருமாட்டிக் காய்ச்சல், அப்பவே பென்சிலின் ஊசி ஒழுங்காப் போட்டிருந்தா வால்வு கெட்டிருக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நெருக்கமா, இடமில்லாம வாழற ஜனங்களுக்கு வர்ற நோய் அது. சில ரூபா ஊசியை அன்னைக்குப் போடாத அரசாங்கம், நாப்பது வருசம் கழிச்சு லட்ச ரூபாய்க்கு ஆபரேசன் பண்ணுச்சு.

ஆனா பண்ணுச்சு. அதை மறைக்கக் கூடாது. காப்பீட்டுக் கம்பெனி அப்ரூவல் வர அஞ்சு நாள் ஆச்சு. வந்ததும் நெஞ்சைத் திறந்து உலோக வால்வு வச்சாங்க. எங்க பாட்டிக்கும் இதே மூச்சு இரைப்புதான். அவங்களுக்கு நோய்க்குப் பேருகூட தெரியாமச் செத்தாங்க. எங்க அம்மாவுக்குப் பேரும் தெரிஞ்சுது, உயிரும் கெடச்சுது. ஒரு கூலிக்காரச் சேரிப் பொம்பளையோட இதயத்தை ஏசி ரூமுல வச்சுப் பெரிய டாக்டருங்க கையில ஏந்தியிருக்காங்கன்னு நெனச்சப்ப எனக்கு அழுகை வந்துச்சு. இதை அனுபவிக்காதவங்க காப்பீட்டை ஒரே வார்த்தையில 'ஏமாத்து'ன்னு எழுதிடலாம். என்னால முடியாது.

நான் ஒரு நோட்டுல கணக்கு எழுதுனேன். அட்டையில சேராத டெஸ்டு 9,400. வெளியில எழுதிக் குடுத்த மருந்து 4,700. ரத்தம் குடுக்க வந்த நாலு பேருக்கு வண்டிச் செலவும் சோறும் 2,300. கூட இருந்தவங்க சாப்பாடு, பஸ்சு 6,150. மொத்தம் 22,550. மாட்டை 14,000-க்கு வித்தோம். மிச்சத்துக்குத் தண்டல். போன கூலியை நோட்டுல எழுதல, எழுதியிருந்தா இன்னொரு மாடு வேணும். அதுக்கப்புறம் அம்மா சாகற வரைக்கும் தினம் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை போடணும், அளவு சரியா இருக்கான்னு ஐ.என்.ஆர். டெஸ்டு பாத்துக்கிட்டே இருக்கணும். விட்டுப் போனா வால்வுல ரத்தம் கட்டிக்கலாம். பக்கத்து ஆஸ்பத்திரியில அந்த டெஸ்டு இல்லாத மாசமெல்லாம் வெளியில காசு குடுத்துத்தான் பார்த்தோம். அட்டை படுக்கையில படுத்தவங்களுக்குத்தான். எழுந்து வீட்டுக்கு வந்தவங்க அவங்க பாடு.

இப்ப நைனா கதை. அவரு குவாரியில கம்ப்ரசர் ஓட்டினவரு. கருங்கல்லுல துளை போடுற வேலை. இருவது வருசத்துக்கு மேல செஞ்சாரு. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும். சின்னப் பிள்ளையில நான் "நைனா தாத்தா ஆயிட்டாரு"ன்னு கைதட்டிச் சிரிப்பேன். அந்த வெள்ளை மாவுதான் அவரு நெஞ்சுல உக்காந்துச்சு. துளை போடும்போது தண்ணி விட்டா தூசி அடங்கும். தண்ணிக்கு லாரி வைக்கணும், அதுக்குக் காசு ஆகும். நெஞ்சுக்குக் காசு இல்ல.

2010-லயே இருமல். சளி டெஸ்டுல கிருமி இல்லன்னு வந்தும் டி.பி.ன்னு சொல்லி ஆறு மாசம் மாத்திரை குடுத்தாங்க. கேக்கல. மறுபடியும் எட்டு மாசம், அதுல ரெண்டு மாசம் ஊசி. இடுப்பு கல்லாயிடுச்சு, இருமல் அப்படியேதான். சேரியில டி.பி.ன்னா தட்டு, சொம்பு தனி. நைனா திண்ணைக்குப் போனாரு. சாதியால ஊருக்கு வெளிய இருந்த மனுசன், நோயால வீட்டுக்கும் வெளிய ஆனாரு. தப்பான நோய்க்கு நாங்க அவரைத் தள்ளி வச்சோம். அந்தக் குத்தம் எங்க மேலதான், அதுக்கு யாரையும் கை காட்ட மாட்டேன்.

2014-ல பெங்களூர்ல ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனோம். வயசான டாக்டர் ஒருத்தர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாரு. ரொம்ப நேரம் பார்த்துட்டு, "ஏன் கெலசா மாட்தீரா?" ன்னு நைனாவைக் கேட்டாரு. என்ன வேலை செய்றீங்க. நாலு வருசம், ஏழெட்டு ஆஸ்பத்திரி. பேரு கேட்டாங்க, வயசு கேட்டாங்க, பீடி குடிப்பியா சாராயம் குடிப்பியான்னு கேட்டாங்க, எந்தத் தெருன்னுகூடக் கேட்டாங்க. என்ன வேலைன்னு கேட்ட முதல் ஆளு அவருதான். சிலிக்கோசிஸ்னு எழுதினாரு. கல்லுத் தூசி நுரையீரல்ல தங்கி அதைத் தழும்பாக்கிடும், திரும்ப நல்லாகாது, மூச்சு விடச் சௌகரியம் பண்றதுதான் வைத்தியம்னு சொன்னாரு.

அட்டையை எடுத்துக்கிட்டு நம்ம பக்கத்து ஆஸ்பத்திரியில காப்பீட்டுக் கவுன்ட்டருக்குப் போனேன். அந்தப் பையன் நல்லவன்தான். கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "அக்கா, இவருக்கு ஆபரேசன் ஒண்ணும் இல்லையே. ஓ.பி.யில பாக்குறதுக்கு அட்டை செல்லாது"ன்னான். நைனா என்கிட்ட, "வெட்டுறதுக்கு ஒண்ணும் இல்லன்னா காசு இல்லியா பாப்பா?" ன்னு கேட்டாரு. கேலியாத்தான் கேட்டாரு. இன்னைக்கு வரைக்கும் காப்பீட்டைப் பத்தி அதைவிடத் தெளிவா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

இன்ஹேலர், நெபுலைசர், கடைசி வருசம் ஆக்சிஜன் சிலிண்டர் வாடகை, ஆட்டோ. ஆறு வருசத்துல 1,63,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. நோட்டுல இருக்குது. குரூப் லோன், தண்டல், அம்மா கம்மல் எல்லாம் அதுக்குள்ள போச்சு. இதுக்கு நடுவுல மேஸ்திரி வந்து, நைனா வாங்கின முன்பணம் 20,000-ஐத் திருப்பிக் குடுன்னு திண்ணையில உக்காந்தாரு. நெஞ்சைத் தின்னவன் பாக்கி கேக்குறான்!

இனி கொஞ்சம் சட்டம் பேசுவோம். நைனா செத்த பிறகுதான் நான் இதையெல்லாம் படித்தேன். 1952 ஆம் வருடத்துச் சுரங்கச் சட்டத்தின் கீழ் சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட்ட நோயாக இருந்தது. தொழிலாளிக்கு அது வந்தால் குவாரி முதலாளி அரசுக்குத் தகவல் தர வேண்டியிருந்தது. சிகிச்சை செய்கிற டாக்டரும் சுரங்கத் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது. 1923 ஆம் வருடத்து இழப்பீட்டுச் சட்டத்தின் பட்டியலிலும் அது இருந்தது. ஆனால் நைனா பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இ.எஸ்.ஐ.? அந்தச் சட்டத்தில் 'பாக்டரி' என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே, சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட இடம் இதில் சேராது என்று எழுதி வைத்திருந்தார்கள். தம்பியைக் கான்ட்ராக்டர் வெளியே நிறுத்தினான். நைனாவைச் சட்டமே வெளியே நிறுத்தியது.

இ.எஸ்.ஐ.யின் கதையை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான், 1943-இல், தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தயாரிக்கப் பேராசிரியர் பி.பி. அடார்க்கர் நியமிக்கப்பட்டார். 1944-இல் அறிக்கை கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1948 ஆம் வருடத்து இ.எஸ்.ஐ. சட்டம். அதில் வைத்தியம் மட்டும் இல்லை. நோயில் படுத்த நாளுக்குக் கூலியும் உண்டு. இன்றைய கணக்கில் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. முதலாளியும் பணம் கட்ட வேண்டும். 2019 ஜூலையிலிருந்து முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். அதாவது, உன்னை வேலை வாங்குகிறவன் உன் உடம்புக்குப் பொறுப்பு என்று அது சொல்கிறது. உரிமை என்பது அதுதான். காப்பீட்டு அட்டையில் முதலாளி எங்கேயும் இல்லை. அரசாங்கம் பிரீமியம் கட்டுகிறது, கம்பெனி வாங்குகிறது, ஆஸ்பத்திரி பில் போடுகிறது. உடம்பைக் கெடுத்தவன் மட்டும் அந்த வரிசையில் நிற்பதே இல்லை.

இது வெறும் வாதம் இல்லை. கொஞ்ச வருடத்துக்கு முன் தம்பி வேலை பார்த்த ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மெசின் அவனுடைய வலது கை விரல் ரெண்டை நசுக்கிவிட்டது. கான்ட்ராக்டர் எனக்கு போன் பண்ணின முதல் வார்த்தை, "காப்பீட்டு அட்டை இருக்குதில்ல? எடுத்துக்கிட்டு வாம்மா." ரெண்டாவது வார்த்தை, "வீட்ல கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க." நான் அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். விரல் துடித்துக்கொண்டிருக்கும்போது சட்டம் பேச முடியுமா? கதவு என்றுதான் எழுதினார்கள். தொழிலாளர் உரிமை என்று மேடையில் பேசுகிற நான், ஒரு முதலாளி கட்ட வேண்டிய பணத்தை ஏழை மக்களின் திட்டத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு விரலைக் காப்பாற்றினார்கள். இன்னொன்று போய்விட்டது. இழப்பீடு கேட்கவும் வாய் இல்லை, காகிதத்தில் கதவு அல்லவா இருக்கிறது!

பெரிய கணக்கும் இதைத்தான் சொல்கிறது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வுப்படி, பிரசவம் நீங்கலாக, ஒரு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தால் சராசரிச் செலவு அரசு ஆஸ்பத்திரியில் 4,452 ரூபாய், தனியாரில் 31,845 ரூபாய். இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது அரசுப் பணம் எங்கே போக வேண்டும் என்பது ஒரு கேள்வி. தேசிய சுகாதாரக் கணக்கில் மக்கள் கைக்காசிலிருந்து போகும் பங்கு 2013-14-இல் 64.2 சதவீதம். 2021-22-இல் 39.4. குறைந்திருக்கிறது, சந்தோசம். மிச்சமிருக்கும் கைக்காசில் பெரும் பங்கு படுக்கைக்குப் போவதில்லை. மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் ஓ.பி.க்கும் போகிறது. அட்டை தொடாத இடம் அது. ஆபரேசனுக்கு மட்டும் பணம் என்றால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். 2012-இல் சத்தீஸ்கரிலும் பீகாரிலும் காப்பீட்டுப் பணத்துக்காக ஏழைப் பெண்களின் கருப்பையைத் தேவையில்லாமல் எடுத்தார்கள் என்று புகார் எழுந்தது. வெட்ட வேண்டாத உடம்பை வெட்டுவார்கள், வெட்ட முடியாத நெஞ்சைத் திருப்பி அனுப்புவார்கள்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2018-இல் மத்திய அரசுத் திட்டத்தோடு சேர்ந்த பிறகு தொகை 5 லட்சம் ஆனது. 2022-இல் வருமான வரம்பு 1,20,000 ஆனது. அதே வருடம் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2021 ஆகஸ்டில் எங்க மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள். பிரசருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே வந்து பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். எங்க சேரிக்கு வருகிற பெண் எங்க திண்ணையிலேயே உட்கார்ந்து அம்மா கையைப் பிடித்து பிரசர் பார்க்கிறாள். அவளுக்கு அம்மா காபி கொடுத்தால் குடிக்கிறாள். அட்டையைவிட இது பெரிய காரியம் என்று எனக்குப் படுகிறது. ஆள் விழுவதற்கு முன்னால் வருகிறது அல்லவா.

வராதது என்ன? படுத்த நாளுக்குக் கூலி வரவில்லை. கான்ட்ராக்ட் பசங்க பெயர் பதிவேட்டுக்கு வரவில்லை. ராஜஸ்தானில் 2019-இல் சிலிக்கோசிஸுக்கென்றே கொள்கை கொண்டுவந்தார்கள். நோய் உறுதியானால் 3 லட்சம், செத்தால் குடும்பத்துக்கு 2 லட்சம், மாதாமாதம் பென்சன். கல்லுடைத்த ஜனங்கள் சங்கமாகச் சேர்ந்து வருடக்கணக்கில் கத்தியதால் வந்தது அது. நம் பக்கத்துக் கல்லும் கல்தான், தூசியும் தூசிதான்.

நைனாவைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கு, அவருடைய பாய், துணி, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் சுடுகாட்டில் போட மூட்டை கட்டினார்கள். எக்ஸ்ரேயும் அதில் இருந்தது. "அது கெடக்கட்டும்"ன்னு அம்மாதான் உருவி எடுத்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை. ஏன் எடுத்தீங்கன்னு கேட்டேன். "அவரு மூஞ்சியத்தான் போட்டோவுல எல்லாரும் பாக்குறாங்க. உள்ள என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு யாராச்சும் பாக்க வேணாமா?" ன்னாங்க.

இப்போது நாங்கள் சிலர் சேர்ந்து சூளகிரி, பர்கூர், ஜெகதேவி பக்கத்துச் சேரிகளுக்குப் போகிறோம். இருமுகிறவர்களிடம் அந்த டாக்டர் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறோம். என்ன வேலை, எந்த வருடத்திலிருந்து, எந்தக் குவாரி, மேஸ்திரி யார். எழுதிக்கொள்கிறோம். எக்ஸ்ரே இருந்தால் படம் எடுத்துக்கொள்கிறோம். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுக்கிறோம். பல வீடுகளில் எக்ஸ்ரே இல்லை. பாயோடு போய்விட்டது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கல்லுடைத்துச் செத்தவர் இருந்தால், அவர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். காப்பீட்டு அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். நாங்கள் வந்து கேட்போம்.